கொல்லைப்புற மீன் தொட்டிக்கு எந்த வடிகட்டி: ஜல்லியா, டிரம்மா, வலையா, மிதக்கும் மீடியாவா?

1000 லிட்டர் மீன் தொட்டி, பக்கத்தில் நாலு சதுர மீட்டரில் கீரையும் கத்தரியும், நடுவில் ஒரு சின்ன மோட்டார். மீன் தண்ணீரிலேயே செடி வளர்க்கும் கொல்லைப்புற அக்வாபோனிக்ஸ் நம் ஊரில் பெரும்பாலும் இந்த அளவில்தான் தொடங்குகிறது. தொட்டி வாங்குவதிலும் மீன் தேர்ந்தெடுப்பதிலும் பெரிய குழப்பம் வருவதில்லை. வடிகட்டி என்று வந்ததும்தான் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஜல்லி போதும் என்பார் ஒருவர், நீல டிரம் இல்லாமல் முடியாது என்பார் இன்னொருவர், பாக்டீரியா ஒட்டி வளரும் பிளாஸ்டிக் துண்டுகளான மீடியாவை வாங்கிப் போடு என்பார் மூன்றாமவர். மூவர் சொல்வதும் அவரவர் வீட்டுக்குச் சரிதான். உங்கள் வீட்டுக்கு எது என்பதுதான் கேள்வி.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த வடிகட்டி தண்ணீரை அதிகம் சுத்தம் செய்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட, எந்த வடிகட்டியை நீங்கள் விடாமல் சுத்தம் செய்வீர்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. கீழே வரும் ஒப்பீடு முழுக்க அந்தக் கண்ணோட்டத்தில்தான்.

முதலில் கொஞ்சம் கணக்கு. 40 ஜிலேபி மீன், ஒவ்வொன்றும் கால் கிலோ எடைக்கு வந்துவிட்டால் மொத்தம் 10 கிலோ. அதற்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 200 கிராம் தீவனம் போகும். (ஜிலேபி என்பது திலேப்பியாதான். அதில் கிஃப்ட் என்ற மேம்படுத்திய ரகத்தின் வளர்ப்புக்கு அனுமதி விதிகள் உண்டு. குஞ்சு வாங்கும் முன் மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.) 32 சதவீதப் புரதம் உள்ள தீவனம் 200 கிராம் போட்டால் ஏறத்தாழ 7.5 கிராம் அம்மோனியா வரும். இதில் பெரும்பகுதி மீனின் செவுள் வழியாகவே தண்ணீரில் கரைந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாது, வடிகட்டித் துணியில் சிக்காது. அதோடு, போட்ட தீவனத்தில் கால் பங்கு அளவுக்கு, உலர்ந்த எடையில் 50 கிராம் போல, கெட்டிக் கழிவாக வெளியேறுகிறது. 50 கிராம்தானே என்று தோன்றும். தண்ணீரோடு சேர்ந்து சகதியாகும்போது அது தினமும் சில லிட்டர்.

ஆக, வடிகட்டிக்கு வேலை இரண்டு. கெட்டிக் கழிவைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும். மீனுக்கு நஞ்சான கரைந்த அம்மோனியாவை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பிறகு செடி இழுத்துக்கொள்ளும் நைட்ரேட்டாகவும் மாற்ற இடம் கொடுக்க வேண்டும். இணையத்தில் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வேலைக்குத்தான் கவலைப்படுகிறார்கள். ஆனால் கணக்குப் போட்டால் அது அவ்வளவு பெரிய வேலை இல்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒட்டியிருக்கும் பாக்டீரியா நாளொன்றுக்கு அரை கிராமுக்குச் சற்று அதிகமான அம்மோனியாவை மாற்றும் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கையேடு கணக்கிடுகிறது. அப்படியானால் 7.5 கிராமுக்கு 13 சதுர மீட்டர் போதும். நுண்துளை நிறைந்த எரிமலைக் கல்லில் இந்தப் பரப்பு 40 லிட்டர் சொச்சத்தில் கிடைத்துவிடும். நம் கருங்கல் ஜல்லியில் பரப்பு குறைவு. இருமடங்கு என்று வைத்துக்கொண்டாலும் 90 லிட்டர்தான். பாக்டீரியாவுக்கு வீடு கட்டித் தருவது எளிது. அந்த வீட்டைச் சகதி மூடாமல் பார்த்துக்கொள்வதுதான் தினசரிப் பாடு.

ஜல்லித் தொட்டி மட்டும் போதுமா?

தனி வடிகட்டியே வைக்காமல், செடி வளரும் ஜல்லித் தொட்டியையே வடிகட்டியாக வைத்துக்கொள்வது முதல் வழி. மீன் தண்ணீர் ஜல்லிக்குள் நிரம்பும், மணி சைஃபன் (தண்ணீர் ஒரு மட்டத்துக்கு ஏறியதும் தானாக வடிக்கும் குழாய்) இழுத்ததும் முழுக்க வடியும், திரும்ப நிரம்பும். வடியும்போது ஜல்லிக்குள் காற்று புகுவதால் பாக்டீரியாவுக்கும் வேருக்கும் மூச்சு கிடைக்கிறது. கழிவு ஜல்லியில் தங்கி மெல்ல மக்குகிறது. மண்புழுவைப் போட்டுவிட்டால் அதுவும் தன் பங்குக்கு வேலை செய்யும். செலவு குறைவு, மூட்டுகள் குறைவு, கெட்டுப்போகிற பொருள் எதுவும் இல்லை.

1000 லிட்டருக்கு 10 கிலோ மீன், அதிகம் போனால் 15 கிலோ, அதற்குள் நிறுத்திக்கொள்பவருக்கு இது உண்மையிலேயே போதும். மீன் தொட்டியின் கொள்ளளவுக்குச் சமமான ஜல்லித் தொட்டி இருந்தால் நிம்மதி. கத்தரி, தக்காளி, மிளகாய் போன்ற வேர் பிடிக்கும் செடிகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

சிக்கல் இரண்டாவது வருடத்தில் வரும். வேர்க்கட்டையும் சகதியும் சேர்ந்து சில மூலைகளில் தண்ணீர் போகாமல் அடைக்கும். கையை விட்டுக் கிளறினால் கருப்பாக, அழுகிய முட்டை நாற்றத்தோடு ஒரு குழம்பு வரும். அந்த இடத்தில் பிராணவாயு இல்லை, ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகிறது என்று அர்த்தம். அதைச் சுத்தம் செய்ய ஒரே வழி, செடியைப் பிடுங்கி, ஜல்லியை அள்ளி வெளியே கொட்டி, கழுவி, திரும்பப் போடுவது. ஒரு சதுர மீட்டர் தொட்டியில் இருக்கும் 300 லிட்டர் ஜல்லியே ஏறத்தாழ அரை டன் எடை. வருடத்துக்கு ஒருமுறை வரும் இந்த வேலையை யார் செய்யப்போகிறார்கள் என்று இப்போதே முடிவு செய்துவிட்டு இந்த வழிக்கு வாருங்கள்.

கல் வாங்கும்போது முக்கால் இஞ்ச் கருங்கல் ஜல்லி கேளுங்கள். தூசி போகும்வரை அலசுங்கள். கல்லில் சில சொட்டு வினிகரோ எலுமிச்சைச் சாறோ விட்டுப் பாருங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் பி.எச். ஏறிக்கொண்டே போகும், வேண்டாம். செங்கல் ஜல்லி எடை குறைவு, நுண்துளையும் உண்டு என்று சிலர் போடுகிறார்கள். இடித்த கட்டடத்திலிருந்து வந்த செங்கலில் சுண்ணாம்பும் சிமெண்ட்டும் ஒட்டியிருக்கும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

இன்னொன்று, மொட்டை மாடியில் வைக்கப் போகிறவர்களுக்கு. 30 செ.மீ. ஆழ ஜல்லி, தண்ணீர் நிரம்பிய நிலையில், சதுர மீட்டருக்குச் சுமார் 600 கிலோ வரும். ஆள் நடமாடும் மாடிக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டட வடிவமைப்பு விதி எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். மாடியில் ஜல்லித் தொட்டி என்றால் பொறியாளரைக் கேட்காமல் வைக்காதீர்கள். தரையில் இருக்கும் கொல்லைக்கு இந்தக் கவலை இல்லை.

நீல டிரம்: சுழலா, நடுவாளியா?

மீன் கூடினாலும், செடிகள் மிதவைத் தட்டிலோ குழாயிலோ வளர்ந்தாலும் கெட்டிக் கழிவைத் தனியாகப் பிடிக்கத்தான் வேண்டும். அதற்கு வீட்டில் செய்யக்கூடிய சிறந்த கருவி 200 லிட்டர் நீல டிரம். இதற்குள் வலை, பஞ்சு எதுவும் கிடையாது. தண்ணீரின் வேகத்தைக் குறைத்தால் கழிவு தானாக அடியில் தங்கும், அடியிலிருக்கும் வால்வைத் திறந்தால் வெளியே போகும். அவ்வளவுதான் தத்துவம்.

இதிலும் இரண்டு வகை உண்டு. பலரும் செய்வது சுழல் டிரம். தண்ணீரை டிரம்மின் சுவரை ஒட்டிச் சாய்வாகப் பாய விட்டால் மெல்லச் சுழலும், கழிவு நடுவில் குவிந்து இறங்கும். பார்க்க அழகாக இருக்கும், செய்வதும் சுலபம். ஒரு எல்போ போதும். இரண்டாவது வகையான நடுவாளி டிரம்மில், நடுவில் அடி வெட்டிய வாளி ஒன்றைத் தொங்கவிட்டு, தண்ணீரை அந்த வாளிக்குள் மேல்நோக்கி விடுவார்கள். தண்ணீர் வாளிக்குள் எழும்பி, திரும்பிக் கீழே இறங்கி, வாளியின் விளிம்புக்கு அடியில் புகுந்து, வெளிப்பக்கமாக மிக மெதுவாக மேலே ஏறும். திரும்பும் இடத்தில் கழிவு கீழே விழுந்துவிடும்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் குளிர்நீர் மீன் வளர்ப்புத் தொட்டிகளில் செய்து 2005இல் வெளியான ஆய்வில், சுழல் வகை தண்ணீரில் இருந்த கெட்டிக் கழிவில் சுமார் 37 சதவீதத்தைப் பிடித்தது. நடுவில் விட்டுத் திருப்பும் வகை சுமார் 78 சதவீதம். ஒரே அளவுள்ள தொட்டியில் இரண்டு மடங்கு. கூடுதல் செலவு ஒரு வாளி. இதற்கு மேல் சுழல் டிரம்மைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஏற்கெனவே சுழல் டிரம் வைத்திருப்பவர்கள்கூட உள்ளே வாளியைத் தொங்கவிட்டு, நுழைவுக் குழாயை நடுவுக்கு நீட்டி மாற்றிக்கொள்ளலாம். அரைநாள் வேலை.

செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டிரம் வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று கேளுங்கள். பூச்சிமருந்து, அமிலம், சாயம் இருந்த டிரம் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். பழச்சாறு, சர்க்கரைப் பாகு, சமையல் எண்ணெய் வந்த டிரம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இதில் தட்டையான அடிப்பாகம்தான் பெரிய தொல்லை. சகதி மூலையில் ஒதுங்கி வால்வுப் பக்கம் வராது. அதற்கு ஒரு நல்ல வழி, மேலே இரண்டு திருகு மூடி உள்ள மூடிய டிரம்மை வாங்கித் தலைகீழாக நிறுத்துவது. அடிப்பாகத்தை அறுத்து எடுத்தால் அது திறந்த வாய் ஆகிவிடும். திருகு மூடி இருந்த 2 இஞ்ச் துளை இப்போது கீழே, விளிம்பை ஒட்டி இருக்கும். அந்தத் துளையிலேயே குழாயும் பால் வால்வும் மாட்டி, எதிர்ப்பக்கத்து விளிம்புக்கு அடியில் ஓட்டுச் சில்லு ஒன்றைச் செருகிச் சற்றே சாய்த்துவிட்டால் சகதி வால்வைத் தேடி வரும். கீழே குழாய் போக இடம் வேண்டும் என்பதால் ஹாலோ பிளாக் மேடை கட்டாயம்.

நுழைவுக் குழாய் 2 இஞ்சுக்குக் குறையக் கூடாது. டிரம்மின் பக்கவாட்டில் பாதி உயரத்தில் துளையிட்டு, டேங்க் கனெக்டர் போட்டு, குழாயை நடுவரை நீட்டி, எல்போ ஒன்றால் மேல்நோக்கித் திருப்புங்கள். அதன்மேல் அடி வெட்டிய 20 லிட்டர் வாளி. வாளியின் மேல் விளிம்பு தண்ணீர் மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும், கீழ் விளிம்பு டிரம்மின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் நிற்க வேண்டும். குழாய் நுழைய வாளியின் பக்கத்தில் ஒரு பிளவு வெட்டிக்கொள்ளலாம். வெளியேறும் குழாய் மேலே, எதிரெதிராக இரண்டு இடங்களில் இருந்தால் தண்ணீர் ஒரே பக்கமாக இழுக்காமல் சமமாக ஏறும். மணிக்கு 1000 லிட்டர் ஓட்டத்துக்கு ஒரு டிரம் தாராளம். 2000 லிட்டரைத் தாண்டினால் இரண்டாவது டிரம் பாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், மோட்டார் இருக்கும் இடம். மோட்டாரை மீன் தொட்டிக்குள் போட்டு அங்கிருந்து டிரம்முக்குத் தள்ளினால் பாதி உழைப்பு வீண். மோட்டாரின் விசிறி கழிவை அரைத்துப் பொடியாக்கிவிடும், பொடியான கழிவு எந்த டிரம்மிலும் தங்காது. மீன் தொட்டியின் அடியிலிருந்து ஒரு குழாய் எழும்பி, மேல்மட்டத்தில் வெளியே வழிந்து, தன் எடையாலேயே டிரம்முக்கு வர வேண்டும். மோட்டார் எல்லா வடிகட்டிக்கும் பிறகு, கடைசிச் சின்னத் தொட்டியில் இருக்கட்டும். அப்படியானால் டிரம்மின் தண்ணீர் மட்டம் மீன் தொட்டியின் மட்டத்துக்குச் சற்றுக் கீழே வர வேண்டும். சிமெண்ட் உறை இறக்கித் தரைக்குள் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் டிரம்மையும் குழிக்குள் இறக்க வேண்டியிருக்கும், சகதி வால்வுக்குத் தனிக் குழி தேவைப்படும். அவர்களுக்கு மட்டும் இந்த வழி சிரமம்.

பராமரிப்பு? காலையில் தீவனம் போடும் முன், வால்வை ஒரே மூச்சில் முழுதாகத் திறந்து, காப்பி நிறத்தில் வரும் தண்ணீர் தெளியும்வரை விட்டு மூடுவது. 10 லிட்டர் போகும், ஒரு நிமிடம் ஆகும். மெதுவாகத் திறந்தால் நடுவில் இருக்கும் சகதி மட்டும் வரும், ஓரத்தில் இருப்பது தங்கிவிடும். அந்தத் தண்ணீரை வாழைக்கும் முருங்கைக்கும் ஊற்றுங்கள், தெருச் சாக்கடைக்கு விடாதீர்கள். அதில்தான் பாஸ்பரஸ் அதிகம்.

வலை டிரம்

நடுவாளி டிரம்மில் தங்காத மெல்லிய தூசு கொஞ்சம் மீதி இருக்கும். அது மிதவைத் தட்டில் தொங்கும் வேரில் பழுப்பாகப் படிந்து வேரை மூச்சுத் திணற வைக்கும். ஆகவே தட்டில் கீரை வளர்ப்பவர்களுக்கு இரண்டாவதாக ஒரு வலை டிரம் அவசியம். ஜல்லித் தொட்டிக்குப் போகும் தண்ணீருக்கு இது தேவையில்லை.

அமெரிக்க வர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி குழுவினர் உருவாக்கிய அமைப்பிலும் இதே வரிசைதான்: முதலில் கழிவு தங்கும் கூம்புத் தொட்டி, அடுத்து பழத்தோட்ட வலை அடைத்த தொட்டி, அதற்கடுத்து காற்று விட்டு வாயுவைப் போக்கும் தொட்டி. மூன்றாவது தொட்டிக்குக் காரணம் உண்டு. வலையில் பிடிபட்ட தூசு அங்கேயே இருந்து அழுகும்போது வேருக்கு ஆகாத வாயுக்கள் தண்ணீரில் சேரும். வீட்டு அளவில் தனித் தொட்டி வேண்டாம். மோட்டார் இருக்கும் தொட்டியில், ஏர் பம்பிலிருந்து குமிழி விடும் காற்றுக்கல் இரண்டு போட்டால் போதும்.

வலைக்கு நம் கடைகளில் கிடைக்கும் பச்சை நிழல்வலை நன்றாக வேலை செய்யும். இறுக்கி அடைக்காமல் தளர்வாகச் சுருட்டி, தண்ணீர் கீழிருந்து மேலே ஏறும்படி வையுங்கள். பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நாரும் சரி. இரும்பு நார், செம்பு நார் எந்தக் காரணத்துக்கும் கூடாது. செம்பு மிகக் குறைந்த அளவிலேயே மீனைப் பாதிக்கும். தேங்காய் நார் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறதே என்று ஆசை வரும். அது சில மாதங்களில் மக்கி, தானே கழிவாகிவிடும்.

வலையை வாரம் ஒருமுறை, மீன் பெரிதானபின் இரண்டுமுறை, வெளியே எடுத்துப் பீய்ச்சி அடித்துக் கழுவ வேண்டும். கை நாறும். அக்வாபோனிக்ஸில் பலரும் முதலில் தட்டிக்கழிக்கும் வேலை இதுதான், அதனாலேயே இதை வெளிப்படையாகச் சொல்கிறேன். கழுவாமல் விட்டால் தண்ணீர் வலையைச் சுற்றி வேறு வழி தேடிப் போகும். வலைக்குள் பிராணவாயு இல்லாத இடங்களில் நைட்ரேட் நைட்ரஜன் வாயுவாகிப் பறந்துவிடும், கீரை வெளிறத் தொடங்கும்.

மிதக்கும் மீடியா

சின்னச் சின்ன பிளாஸ்டிக் சக்கரங்கள் காற்றுக் குமிழியில் ஓயாமல் புரண்டுகொண்டிருக்கும் தொட்டி. நார்வேயில் 1980களின் இறுதியில் கழிவுநீர் சுத்திகரிப்புக்காக உருவானது. நம் ஊரில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் சுத்திகரிப்பு நிலையங்களுக்காக 'எம்பிபிஆர் மீடியா' என்ற பெயரில் எடைக்கோ கன அளவுக்கோ விற்கிறார்கள், அலங்கார மீன் கடையைவிட அங்கே மலிவாகக் கிடைக்கலாம். கே1 வகையில் ஒரு கனமீட்டருக்குச் சுமார் 500 சதுர மீட்டர் பரப்பு. நம் கணக்குக்கு 26 லிட்டர் போதும், 50 லிட்டர் போட்டால் எதற்கும் தாங்கும். ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருப்பதால் பாக்டீரியா படலம் தடிக்காது, கழுவ வேண்டிய அவசியமே இல்லை. இது அதன் பெரிய பலம்.

ஆனால் இது சகதியைப் பிடிக்காது, இருக்கும் கழிவை இன்னும் பொடியாக்கும். ஆகவே முன்னால் டிரம் வைத்தே ஆக வேண்டும். டிரம்முக்குப் பதில் என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அடுத்தது மின்சாரம். ஏர் பம்ப் நின்றால் மீடியா அசையாமல் நிற்கும், நெருக்கமாக ஒட்டியிருக்கும் பாக்டீரியா தண்ணீரில் இருக்கும் பிராணவாயுவை வேகமாகத் தீர்த்துவிடும். 30 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீரே லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் பிராணவாயுவுக்கு மேல் தாங்காது. கோடையில் நீண்ட நேரம் பவர் கட் ஆகும் ஊரில், இன்வெர்ட்டர் இணைப்பு இல்லாமல் இந்த வழி ஆபத்து. ஜல்லித் தொட்டியோ எதிர்மாறு. மோட்டார் நின்று தண்ணீர் வடிந்திருந்தால், ஈரக் கல்லில் காற்றுபட பாக்டீரியா பல மணி நேரம் பத்திரமாக இருக்கும்.

ஜல்லித் தொட்டி இல்லாமல் முழுக்கத் தட்டிலும் குழாயிலும் கீரை வளர்க்கிறீர்கள், வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது, மீன் 20 கிலோவை எட்டும் என்றால் மிதக்கும் மீடியா நல்ல முதலீடு. மற்றவர்களுக்கு அந்தப் பணத்தில் ஒரு உபரி மோட்டார் வாங்கி வைப்பது மேல். பாட்டில் மூடிகளைச் சேர்த்துப் போடுவதும் நடைமுறையில் உண்டு. பரப்பு குறைவு என்பதால் அளவு பல மடங்கு வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கொண்டு சேகரித்தால் செலவில்லை.

மணலும் கரியும் அடுக்கிய வடிகட்டியைப் பற்றியும் கேட்பார்கள். ஜல்லி, மணல், கரி என்று அடுக்கும் படம் குடிநீருக்கானது. மீன் தண்ணீரில் மணல் சில நாட்களிலேயே சகதி பூசி அடைத்துக்கொள்ளும். கரி நிறத்தையும் வாசனையையும் இழுக்கும், அம்மோனியாவைத் தொடாது. தேத்தாங்கொட்டை, படிகாரம் இரண்டும் கலங்கலைத் தெளிய வைக்குமே தவிர அம்மோனியாவுக்கு ஒன்றும் செய்யாது. படிகாரம் கூடவே பி.எச்.சையும் இறக்கும். தெளிந்த தண்ணீரிலும் மீன் அம்மோனியாவால் சாகும் என்பதை மறக்க வேண்டாம்.

அப்படியானால் எது?

வீட்டுக்கு வாரம் ஒருநாள் இரண்டு மீன், சமையலுக்குக் கத்தரி, மிளகாய், தக்காளி. இவ்வளவுதான் எண்ணம் என்றால் ஜல்லித் தொட்டி மட்டும் வைத்து, மீனை 10 கிலோவுக்குள் நிறுத்துங்கள். வெளியூர் அதிகம் போகும் குடும்பத்துக்கும் இதுவே. நாலு நாள் பொங்கலுக்கு ஊருக்குப் போனாலும் அது தன்பாட்டில் ஓடும். தீவனத்தை மட்டும் நிறுத்திவிட்டுப் போங்கள், வளர்ந்த ஜிலேபிக்கு நாலு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது.

இரண்டாவது வருடச் சகதி வேலை உங்களால் ஆகாது என்று தெரிந்தால், அதே ஜல்லித் தொட்டிக்கு முன்னால் ஒரு நடுவாளி டிரம் வையுங்கள். கேட்கிற பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது இந்தச் சேர்க்கையைத்தான். தினம் ஒரு நிமிட வால்வு வேலைக்கு மாற்றாக, ஜல்லியை அள்ளிக் கழுவும் வேலை பல வருடங்களுக்குத் தள்ளிப்போகும். முதியவர்கள் பார்த்துக்கொள்ளும் கொல்லைக்கு இதுதான் சரி. வால்வைத் திருப்பலாம், அரை டன் கல்லைத் தூக்க முடியாது.

கீரை விற்பனை வரை யோசிப்பவர்கள் நடுவாளி டிரம், வலை டிரம், காற்றுக்கல் என்ற முழு வரிசைக்கே போகலாம். 200 கிராம் தீவனத்துக்கு 4 சதுர மீட்டர் கீரைத் தட்டு என்ற விகிதத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த வழியானாலும் பொதுவான சில விஷயங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும், ஒருநாள் திறந்த தொட்டியில் நிறுத்திவிட்டு ஊற்றுங்கள். ஓடும் ஜல்லியை அலச வேண்டி வந்தால் மீன் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசுங்கள். டிரம்களில் மீன் இல்லாததால் கொசு முட்டையிடும். டெங்கு காலத்தில் இது விளையாட்டில்லை. எல்லா டிரம்முக்கும் கொசுவலை கட்டுங்கள், வலை டிரம்மில் நாலு கப்பி மீனும் விடலாம்.

பி.எச். பற்றிப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 200 கிராம் தீவனத்தின் அம்மோனியாவை மாற்றும்போது பாக்டீரியா தண்ணீரின் காரத்தன்மையில் தினமும் 40 கிராம் சொச்சம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான அளவைத் தீர்க்கிறது. செடி நைட்ரேட்டை இழுக்கும்போது ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும், மீதி குறைந்துகொண்டே போகும். போர்வெல் உப்புத் தண்ணீர் ஊற்றுபவர்களுக்கு இது சில மாதம் தெரியவே தெரியாது. மழைநீர் ஊற்றுபவர்களுக்குச் சீக்கிரமே பி.எச். 6க்கும் கீழே சரிந்து, பாக்டீரியா வேலையை நிறுத்தும். வடிகட்டி கெட்டுவிட்டது என்று அதை மாற்றப் போவார்கள். கிளிஞ்சலை ஒரு வலைப் பையில் கட்டி டிரம்மின் வெளியேறும் பக்கம் தொங்கவிடுங்கள். பி.எச். 7க்குக் கீழே இறங்கும்போது அது தானே கரையும். ஏறியிருக்கும்போது கரையாது என்பதால் அளவு மீறும் பயமில்லை. அதேபோல பி.எச். 8ஐத் தாண்டவும் விடாதீர்கள். 30 டிகிரியில், பி.எச். 7இல் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான பகுதிதான் நச்சு வடிவில் இருக்கும். பி.எச். 8இல் அது 7 சதவீதத்தைத் தாண்டிவிடும்.

ஏற்கெனவே ஓடும் தொட்டியில் வடிகட்டியை மாற்றுபவர்கள் அவசரப்பட வேண்டாம். புது டிரம்மை இணைத்த பிறகும் பழைய ஜல்லியோ வலையோ ஒரு மாதம் அதே ஓட்டத்தில் இருக்கட்டும். நம் வெப்பத்தில் புது இடத்தில் பாக்டீரியா நிலைக்க மூன்று, நாலு வாரம் ஆகும். அந்த நாட்களில் தீவனத்தைப் பாதியாக்கி, வாரம் இருமுறை அம்மோனியா, நைட்ரைட் இரண்டையும் சோதனைக் கிட்டில் பாருங்கள். இரண்டும் அடுத்தடுத்த இரண்டு சோதனையிலும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நின்றால் பழையதைக் கழற்றலாம், தீவனத்தையும் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம்.